எந்தப் பாசி என்று கேளுங்கள்

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நோன்பு திறக்கும் நேரத்தில் கஞ்சி, வடையோடு ஒரு தட்டில் கடல்பாசியும் வந்துவிடும். பால் ஊற்றியது, ரோஸ் சிரப் கலந்தது, இளநீரில் உறைய வைத்தது என்று வீட்டுக்கு ஒரு விதம். என் மருத்துவமனைக்கும் அதே பெயர் இப்போது வருகிறது, ஆனால் புட்டியில் அடைத்த கேப்சூலாக. “அயோடின் நிறைய இருக்காமே டாக்டர், தைராய்டுக்கு நல்லதுதானே?” என்று கேட்கிறார்கள். இரண்டும் கடலில் விளைந்தவை. அதைத் தாண்டி இரண்டுக்கும் பெரிய உறவு இல்லை.

கேப்சூலில் இருப்பது பெரும்பாலும் குளிர்கடலில் வளரும் கெல்ப் எனும் பழுப்புப் பாசி. ஜப்பானியர் சூப்புக்குப் போடும் கொம்புவும் இந்த இனம்தான். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம். காய்ந்த கொம்பு ஒரு கிராமிலேயே அது ஆயிரத்தைத் தாண்டக்கூடும். சுஷி சுற்றும் நோரியில் கிராமுக்குச் சில பத்துகள்தான். நம் கடல்பாசி இனிப்புக்கு ஆகும் அகரிலோ, காய்ச்சி வடித்துச் சுத்திகரிக்கும்போதே பெரும்பகுதி போய்விடுகிறது. ஆகவே ‘பாசியில் அயோடின் உண்டு’ என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது.

நமக்கு அது தேவையா என்பது அடுத்த கேள்வி. அயோடின் கலந்த உப்பு நம் கைக்கு வரும்போது கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராம் இருக்க வேண்டும் என்பது இந்திய விதி. பாலும் மீனும் முட்டையும் தம் பங்குக்குக் கொஞ்சம் தருகின்றன. இன்று என்னிடம் தைராய்டு குறைவோடு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அயோடின் பற்றாக்குறையே இல்லை. உடலின் எதிர்ப்பாற்றல் தன் சுரப்பியையே தாக்குவதுதான் சிக்கல். அந்தச் சுரப்பிக்குத் திடீரென்று ஏராளமாக அயோடின் போனால், அது ஹார்மோன் சுரப்பதை நிறுத்திக்கொள்ளும். நல்ல சுரப்பி சில நாளில் மீண்டுவிடும், நோயுற்றது மீளாமல் போகலாம். ஆஸ்திரேலியாவில் 2009ஆம் ஆண்டு கொம்பு சேர்த்த ஒரு சோயா பாலைக் குடித்தவர்களுக்குத் தைராய்டு கெட்டு, அந்தப் பாலைச் சந்தையிலிருந்தே திரும்பப் பெற்றார்கள். அயோடின் எவ்வளவு என்று அச்சிடாத கேப்சூல் புட்டி எதையும் கடையில் விற்கவே விடக்கூடாது என்பது என் கட்சி.

பழுப்புப் பாசியிலேயே ஹிஜிகி என்று ஒன்று உண்டு. அதில் ஆர்சனிக் அதிகம் என்பதால் உண்ண வேண்டாமென்று பிரிட்டன் 2004லேயே சொல்லிவிட்டது. நோரி பரவாயில்லை. உப்பு தடவி வறுத்த பாக்கெட்டுகளில் மட்டும் இரத்தக் கொதிப்புக்காரர்கள் கவனம் வைக்கட்டும்.

நான் பரிந்துரைப்பது, விளம்பரமே இல்லாத அகரைத்தான். ஏறக்குறைய முழுக்க நார்ச்சத்து. கலோரி இல்லையென்றே சொல்லலாம். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மலச்சிக்கலுக்கு உதவும், வயிறும் நிறையும். நீரிழிவு உள்ளவர்களும் அதன் விளிம்பில் இருப்பவர்களுமாக 76 பேரிடம் நடந்து, 2005ல் வெளியான ஜப்பானிய ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டோடு அகரும் சாப்பிட்டவர்களுக்கு 12 வாரத்தில் எடை கூடுதலாகக் குறைந்தது. சின்ன ஆய்வுதான், அதை வைத்து அற்புதம் பேச மாட்டேன். தவிர, நம் வீட்டுக் கடல்பாசியின் நன்மையில் பாதியைச் சர்க்கரையே தின்றுவிடுகிறது. மாம்பழக் கூழிலோ இளநீரிலோ சர்க்கரை இல்லாமல் செய்து பாருங்கள். எலுமிச்சை பிழிவதானால் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழியுங்கள். புளிப்போடு சேர்ந்து கொதித்தால் இறுகாது.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டிலும் அகர் உறையும். சுமார் 40 டிகிரிக்குக் கீழே இறுகிவிட்டால், மறுபடி 85 டிகிரிக்குச் சூடேறினால்தான் உருகும். மருத்துவம் இந்தக் குணத்துக்குக் கடன்பட்டிருக்கிறது. 1880களின் தொடக்கத்தில் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்கப் பயன்பட்ட ஜெலட்டின், வெப்பத்தில் உருகித் தொல்லை கொடுத்தது. அங்கே பணிபுரிந்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, தான் ஜாம் செய்யப் போடும் அகரைச் சொன்னார். இன்றும் எந்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனாலும் அந்தத் தட்டுகளைப் பார்க்கலாம்.

மன்னார் வளைகுடாவில் இந்தச் சரக்குக்குப் பஞ்சமில்லை. கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கும் ராமநாதபுரத்துப் பெண்கள் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அள்ளி வருகிறார்கள். அகர் எடுப்பது இவற்றிலிருந்துதான். கட்டக்கோரையும் பக்கோடாப் பாசியும் அல்ஜினேட்டுக்குப் போகின்றன. நெஞ்செரிச்சல் சிரப், புண்ணுக்கு வைக்கும் கட்டு, பல் அச்சு எடுக்கும் பசை எல்லாவற்றிலும் அந்த அல்ஜினேட்டுக்கு வேலை இருக்கிறது. அள்ளுகிறவர்களுக்குக் காய்ந்த பாசியின் எடைக்குத்தான் காசு. விலை கூடுவதெல்லாம் ஆலைக்குப் போன பிறகு.

ராமநாதபுரம் மாவட்டத்து வளமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுக் கடற்பாசிப் பூங்கா அமைக்க 2023ல் அடிக்கல் நாட்டினார்கள். அங்கே வளர்ப்புக்கும் ஏற்றுமதிக்கும் இடம் ஒதுக்குகிறவர்கள், ஒரு பரிசோதனைக் கூடத்தையும் சமையல்தர அகர் பிரிக்கும் ஒரு சிறு ஆலையையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும். நம் பாசிகள் ஒவ்வொன்றிலும் அயோடினும் ஆர்சனிக்கும் காட்மியமும் எவ்வளவு என்று அளந்து, பாக்கெட்டின் மேலேயே தமிழில் அச்சிடட்டும். ஆலையின் பங்கில் ஒரு பகுதி, பாசி அள்ளும் பெண்களின் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும்.

(கட்டுரையாளர், நாளமில்லாச் சுரப்பி நோய் மருத்துவர்)