வலியை யாரிடம் சொல்வது?

2016 ஆகஸ்ட் 9, ரியோ ஒலிம்பிக்கில் வாள்வீச்சின் எப்பே வகையில் ஆண்கள் இறுதிப் போட்டி. தென்கொரியாவின் பார்க் சாங்-யங்குக்கு அப்போது 20 வயது. எதிரே ஹங்கேரியின் கேசா இம்ரே. 41 வயது, முந்தைய ஆண்டின் உலக சாம்பியன். 10–14 என்று பின்தங்கியிருந்த பார்க், அடுத்த 5 புள்ளிகளையும் ஒரே மூச்சில் எடுத்து 15–14 என்று வென்றார். அதற்குச் சற்று முன், இடைவேளையில் உட்கார்ந்தபடி ‘என்னால் முடியும்’ என்று அவர் முணுமுணுத்ததைக் கேமரா பிடித்துவிட்டது. மன உறுதிக்கு உதாரணம் என்று அந்தக் காட்சியை இன்றும் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறார்கள்.

காட்டட்டும். ஆனால் 2015 மார்ச்சில் அதே வீரருக்கு முழங்காலின் ஏ.சி.எல். தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை நடந்தது. அந்த ஆண்டின் பெரும்பகுதி போட்டி இல்லாமலே போனது. தரவரிசை சரிந்து, 21-வது இடத்துக்காரராகத்தான் அவர் ரியோவுக்கு வந்தார். காயத்துக்கும் தங்கத்துக்கும் நடுவில் சுமார் 17 மாதங்கள். முணுமுணுப்பைச் சொல்லித்தரும் பயிற்சியாளர்கள் இந்த 17 மாதங்களையும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும்.

வாள்வீச்சில் காயம் என்றதும் பெற்றோர் முதலில் கேட்பது வாளைப் பற்றித்தான். 1982-ல் ரோம் உலகப் போட்டியில் சோவியத் வீரர் விளாடிமிர் ஸ்மிர்னோவ், எதிராளியின் உடைந்த வாள் முகமூடியைத் துளைத்ததால் உயிரிழந்தார். அதன்பின் வாள் எஃகு முதல் உடுப்பு வரை எல்லாமே மாறின. இன்று சர்வதேசப் போட்டி உடுப்பு 800 நியூட்டன் விசையையும், முகமூடியின் கழுத்துத் துணி 1600 நியூட்டன் விசையையும் தாங்க வேண்டும். வாள் குத்திக் காயம் படுவது அபூர்வமாகிவிட்டது.

இப்போது வீரரை உட்காரவைப்பது கால்தான். அமெரிக்க தேசியப் போட்டிகளைப் பீட்டர் ஹார்மர் 5 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், போட்டியைக் கைவிடவைத்த காயங்கள் ஆயிரம் ஆட்டங்களுக்கு 0.3 என்ற அளவில்தான் இருந்தன. அவற்றிலும் முழங்கால், தொடை, கணுக்கால் ஆகியவையே முன்னணியில். பாதியளவு சுளுக்கும் தசை இழுப்பும். எப்பே உள்ளிட்ட மற்ற இரண்டு வாள் வகைகளைவிடச் சேபரில் ஆபத்து தெளிவாகக் கூடுதல். டோக்கியோவில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் வாள்வீச்சு வீராங்கனையாகக் களமிறங்கிய சென்னையின் பவானி தேவி ஆடுவது சேபர்தான். அவரைப் பார்த்து வரும் பிள்ளைகள் அதே வாளைக் கேட்கும்போது, பயிற்சியாளர் இந்த விவரத்தையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முன் காலை நீட்டிப் பாயும் ‘லஞ்ச்’ அடிக்கும் ஒருவரைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன் கால் குதிகாலில் இறங்குகிறது. முழங்கால் மடங்கி, பாய்ந்து வந்த உடலை அந்த நொடியிலேயே நிறுத்துகிறது. பின் கால் நீண்டு தொடையிடுக்குத் தசை இழுபடுகிறது. அடுத்த கணம் அதே முன் கால் தரையை உதைத்து உடலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். வலக்கை வீரருக்கு எப்போதும் வலது கால்தான் முன்னே. சிமென்ட் தரை, மெல்லிய அடிப்பாகமுள்ள காலணி என்றால் குதிகால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எட்டிலிருந்து பதினான்கு வயதுக்குள் குதிகால் வலி என்று ஒரு பிள்ளை வந்தால், அது சோம்பலுக்குச் சாக்கு அல்ல. வளரும் எலும்பின் நுனி எரிச்சலடைந்திருக்கலாம்.

சிக்கல் வலியில் மட்டும் இல்லை, அதை மறைப்பதிலும் இருக்கிறது. சொன்னால் அணியில் இடம் போய்விடும் என்று வீரர் நினைக்கிறார். ஒலிம்பிக் தகுதிக்கான புள்ளிகள் ஏறக்குறைய ஓராண்டுக்குள் சேர வேண்டியிருப்பதால் அந்த அச்சம் பொய்யும் அல்ல. களத்திலோ, மருத்துவர் உறுதிசெய்த காயத்துக்கோ தசைப்பிடிப்புக்கோ கிடைப்பது அதிகபட்சம் 5 நிமிடம். அதே காயத்துக்கு அன்று மறுபடி இடைவேளை கிடையாது. ஆக, ஆடுவதா வேண்டாமா என்ற முடிவு முந்தைய வாரமே பயிற்சிக் கூடத்தில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

அதற்கு, வலி பத்துக்கு எத்தனை என்று குறித்துவைக்கும் ஒரு குறிப்பேடு போதும். ஸ்வீடனில் காரின் சில்பர்நாகெல் குழுவினர் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், அக்கிலிஸ் தசைநாண் வலி உள்ளவர்களை ஓடவும் குதிக்கவும் அனுமதித்தார்கள். நிபந்தனை: பத்துக்கு 5-ஐ வலி தாண்டக் கூடாது, மறுநாள் காலைக்குள் தணிந்திருக்க வேண்டும். ஓய்வெடுத்தவர்களைப் போலவே அவர்களும் தேறினார்கள். ‘வலித்தால் நிறுத்து’, ‘வலித்தாலும் ஆடு’ என்ற இரண்டு கட்சிகளுக்கும் இது பதில். ஆனால் இந்த அளவுகோல் தசைநாண் வலிக்கு மட்டுமே. மூட்டு வீங்கினால், முழங்கால் நழுவினால், எலும்பில் ஒரே புள்ளியில் அழுத்தும்போது வலித்தால், வலி இரவில் எழுப்பினால், எண் எதுவானாலும் ஆட்டம் நிற்க வேண்டும்.

ஊசியையும் மாத்திரையையும் பற்றி ஒரு எச்சரிக்கை. 2022 ஜனவரி 1 முதல் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலின்படி குளுக்கோகார்ட்டிகாய்டு என்ற ஸ்டீராய்டு ஊசி எந்த இடத்தில் போட்டாலும் போட்டிக் காலத்தில் தடைசெய்யப்பட்டது. டிராமடால் என்ற வலிநிவாரணி 2024 ஜனவரி 1 முதல் அதே பட்டியலில் சேர்ந்தது. ஊர் மருத்துவர் நல்லெண்ணத்தோடு போட்ட மூட்டு ஊசி ஒரு வீரரின் இரண்டு மூன்று ஆண்டுகளை விழுங்கிவிடலாம். மருந்துச் சீட்டைப் பயிற்சியாளர் வாங்கிப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம்.

காயம்பட்டவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவதும் தவறு. கணுக்கால் கட்டோடு இருப்பவரை நாற்காலியில் உட்காரவைத்து வாள் பாடம் நடத்தலாம். விரல், மணிக்கட்டு, தூரக் கணிப்பு எல்லாம் கூர்மையாகும். சக்கர நாற்காலி வாள்வீச்சு முழுக்க இதை நம்பித்தான் நிற்கிறது. கணுக்கால் காயத்தோடு ஒரு வீரரின் ஆட்டம் முடிந்துவிடுவதும் இல்லை: 2022 இறுதியில் கணுக்கால் தசைநார் அறுவை செய்துகொண்ட தென்கொரிய சேபர் வீரர் ஓ சாங்-உக், 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டிலும் 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் தனிநபர் தங்கம் வென்றார்.

பயிற்சிக் கூடத்தில் வலிக் குறிப்பேடு வைத்திருப்பவர்கள், வைத்துப் பார்த்து நிறுத்திவிட்டவர்களும்தான், வீரர்களின் பெயரை நீக்கிவிட்டுத் தங்கள் அனுபவத்தை இதழுக்கு எழுதி அனுப்புங்கள்.