ஊசிக்கு ஒரு நீதி, போத்தலுக்கு ஒரு நீதி

வைத்தியத் தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டங்கள் யாருக்காக இயற்றப்படுகின்றன? நோயாளிக்காக என்பதே எல்லா அரசாங்கங்களும் கூறும் விடை. ஆனால், சட்டத்தின் முன்னுரையை விடுத்து, அது யார்மீது பாய்ந்தது, யாரை விட்டுவைத்தது என்று ஆராய்வோமாயின் வேறொரு விடை புலப்படும். சீன வைத்தியத்தை ஐக்கிய அமெரிக்கா நடத்திய விதம் இதற்குத் தக்க சான்றாகும்.

1882 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் சீனத் தொழிலாளரின் வருகையைத் தடுத்த நாடு அது. அங்கே குடியேறியிருந்த சீனரிடையே நெடுங்காலம் வழங்கிவந்த வைத்தியத்தை மேலோர் எவரும் பொருட்படுத்தவில்லை. 1971 இல் பீக்கிங் நகரில் குடல்வால் அறுவைக்கு உள்ளான பத்திரிகையாளர் ஜேம்ஸ் றெஸ்ரன், அறுவைக்குப் பின் தோன்றிய உபாதையை அக்குபங்சர் ஊசிகள் தணித்ததை நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையில் எழுதினார். மறு ஆண்டு ஜனாதிபதி நிக்சன் சீனம் சென்றார். அதன் பின்னரே அந்த ஊசி அமெரிக்கரின் கண்ணிற் பட்டது.

கண்ணிற் பட்டதும் சட்டம் விழித்துக்கொண்டது. கலிபோர்ணியாவில் 1972 இல் வந்த சட்டம், மருத்துவக் கல்லூரிகளில், டொக்டர்களின் மேற்பார்வையில், ஆராய்ச்சிக்காக மட்டுமே அக்குபங்சரை அநுமதித்தது. தொழிலை அறிந்தவன், அதனை அறியாதவனின் மேற்பார்வையில் நிற்க வேண்டுமாம்! சீனத்திலிருந்து குடிபெயர்ந்து, தொழிற்சாலையில் உழைத்து வாழ்ந்தவர் மிரியம் லீ. 1974 இல், அநுமதிப்பத்திரமின்றி வைத்தியம் செய்தார் என்ற குற்றச்சாட்டில் அவர் கைது செய்யப்பட்டார். அவரிடம் சிகிச்சை பெற்றவர்கள் நீதிமன்றத்திலே திரண்டு, அவருக்காகக் குரல் கொடுத்தனர். அக்குபங்சர் வைத்தியருக்கு அநுமதிப்பத்திரம் வழங்க முனைந்த சட்டமூலங்கள் ஆளுநர் றேகனின் மறுப்பாணையால் வீழ்ந்தன. அயல் மாநிலமான நெவாடா 1973 இலேயே அத்தொழிலை அங்கீகரித்துவிட்டது. கலிபோர்ணியா 1975 வரை காத்திருந்தது. அப்போதும் டொக்டரின் நோய்நிர்ணயமோ பரிந்துரையோ வேண்டுமென்ற விலங்கு பூட்டப்பட்டது. அது கழன்றது அந்தப் பத்தாண்டின் இறுதியிலேதான்.

‘பயிற்சியற்றவன் குத்தும் ஊசி நுரையீரலைத் துளைக்காதா? அழுக்கூசி ஈரல் அழற்சியைப் பரப்பாதா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. துளைத்ததும் உண்டு, பரப்பியதும் உண்டு. ஆனால் இந்த அபாயத்துக்குப் பரிகாரம் உடற்கூற்றறிவில் பரீட்சையும், ஒருமுறை மட்டும் பயன்படும் கிருமியற்ற ஊசியுமே. அதற்கு ஒரு வகுப்பாரின் ஏகபோகம் பரிகாரமாகாது. தடை இருக்குமிடத்தில் தொழில் மறைவிடத்துக்குச் செல்லும். மறைவிடத்தில் ஊசியின் தூய்மையை யார் சோதிப்பார்?

இனி, போத்தலைப் பாருங்கள். ஊசி பிடித்த கையை இவ்வளவு கண்டிப்புடன் கவனித்த அதே நாடு, 1994 இல் ‘உணவுத் துணைப்பொருள்’ என்ற பெயரில் மூலிகைக் குளிகைகளை விற்க வணிகருக்குக் கதவு திறந்தது. விற்பனைக்கு முன் அவை தீங்கற்றவை என்றோ பயனுள்ளவை என்றோ அரசிடம் நிறுவ வேண்டியதில்லை. தீங்கு செய்வதை அரசே பின்னர் நிறுவ வேண்டும். மாகுவாங் என்னும் எபிட்றா மூலிகையைச் சீன வைத்தியர் இழுப்புக்கும் சளிக்கும் அளவறிந்து கொடுத்துவந்தனர். கம்பனிகளோ அதனை உடல் மெலியவைக்கும் குளிகையாக்கின. மாரடைப்பு, பக்கவாதம், மரணம் என முறைப்பாடுகள் குவிந்தன. 1997 இல் அளவுக்கட்டுப்பாடு முன்மொழியப்பட்டது, வணிகர் எதிர்த்தனர், தடை வந்தது 2004 இல். மிரியம் லீயின் கதவைத் தட்டுவதற்குச் சட்டம் இத்தனை ஆண்டு காத்திருந்ததா?

இவ்விடத்தில் நம் முற்போக்கு நண்பர்களுக்கும் ஒரு சொல். மக்களின் வைத்தியம் என்பதால் அதனைச் சோதிக்கலாகாது என்று வாதிடுவது மக்களுக்குச் செய்யும் தொண்டன்று. நாட்பட்ட இடுப்புவலியுடைய 1,162 பேரிடம் ஜெர்மனியில் நடந்து, 2007 இல் வெளியான ஆய்வில், ஊசி பெற்றவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 48 பேர் நலங்கண்டனர். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27 பேர். ஆயினும், முறைப்படியல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களிலும் 44 பேர் நலங்கண்டனர்! ஊசியால் பயன் உண்டு. ஆனால் ‘சக்தி ஓடும் நாடிகள்’ என்ற பழைய விளக்கம் இதனால் நிலைபெறவில்லை. இரண்டையும் மறைக்காமற் சொல்வதே நேர்மை.

சீனத்திலும் பாடம் உண்டு. 2020 இல் பீஜிங் நகரின் சட்ட நகல் ஒன்று, மரபு வைத்தியத்தை இழிவுபடுத்துவோரைத் தண்டிக்க முனைந்தது. கண்டனம் எழுந்த பின்னரே அவ்வாசகம் கைவிடப்பட்டது. விமர்சனத்துக்கு அஞ்சும் வைத்தியம் நோயாளியை எங்ஙனம் காக்கும்? அமெரிக்கச் சட்டம் தொழிற்குழுவின் ஏகபோகத்தைக் காத்தது. பீஜிங் நகல் தேசப் பெருமையைக் காக்க முனைந்தது. இரண்டிலும் நோயாளி வெளியே நிற்கிறான்.

நாம் கோருவது எளியது. வைத்தியம் செய்பவர் எவராயினும் பயிற்சியும் பரீட்சையும் வேண்டும். தம் எல்லைக்கு அப்பாற்பட்ட நோயைக் கண்டால் உரிய இடத்துக்கு அனுப்பும் கடமை வேண்டும். நிறுவப்பட்டது எது, நிறுவப்படாதது எது என்பதை நோயாளிக்கு உரைக்கும் கடமை வேண்டும். இவற்றுக்கு மேலாக, கையை அளக்கும் அதே கோலால் கம்பனியின் போத்தலும் அளக்கப்பட வேண்டும். ஏழையின் ஊசியைப் பறித்து, முதலாளியின் போத்தலுக்கு வழிவிடும் சட்டத்தை நோயாளியின் பெயரால் எவரும் நியாயப்படுத்த வேண்டாம்.