தோட்டத்துக்கு எத்தனை மணி?



1996 மே 25க்கும் 2006 ஏப்ரல் 15க்கும் இடையில் பிறந்த பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், பொருத்தம் பார்க்கப் போகுமுன் ஜாதகக் குறிப்பை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எழுதியிருப்பது பழைய நேரமா, புது நேரமா என்று சோதிடர் கேட்பார். கேட்காவிட்டால் வேறு சோதிடரைத் தேடுங்கள்!

அந்த 96இல் இலங்கையில் மழை பொய்த்தது. நீர்த்தேக்கங்கள் வற்றி மின்வெட்டு நாட்டையே வாட்டியது. சாயங்காலம் வெளிச்சத்தோடு வேலை முடிந்தால் விளக்கு எரிவது குறையுமே என்று அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அதே வருடம் ஒக்டோபர் 26இல் அரை மணியைத் திருப்பித் தந்தது. மிச்ச அரை மணி திரும்ப, 2006 சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வன்னியில் விடுதலைப் புலிகளின் பகுதி இதில் எதையும் ஏற்காமல் பழைய நேரத்திலேயே இருந்ததால், ஒரே தீவில் இரண்டு மணி ஓடியது.

லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறு மணி நேரத்துக்கும் மேல். டிசம்பரில் எட்டு மணி நேரம்கூட இல்லை. அங்கே கோடையில் கடிகாரத்தைத் தள்ளுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. நமக்கு நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. மிச்சம் பிடிக்க இங்கே வெயில் ஏது?

நமுனுகுல மலையின் மேற்குச் சரிவில் இருக்கும் தோட்ட லயங்களை நினைத்துப் பாருங்கள். சாதாரண நாளிலேயே அங்கே சூரியன் மலையேறித்தான் வரவேண்டும். புது நேரத்திலோ, சமவெளியிலேயே பொழுது விடிய ஏழு மணி ஆகப்போகும். பள்ளிக்கூடம் ஏழரைக்கு. தூரத்துப் பிள்ளைகள் இருட்டில்தான் இறங்க வேண்டும். வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டும் அதே மணிக்கு என்றால், கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு ஓடும் தாயின் பாடு சொல்லவே வேண்டாம். பிந்தினால் அரைப்பேர், அதாவது பாதி நாள் கூலிதான். அன்று எத்தனையோ லயங்களில் குப்பி விளக்குதான். கொழும்பில் மின்சாரம் மிஞ்ச, இங்கே விடியற்காலையில் மண்ணெண்ணெய் எரிந்தது.

இதற்கு நேர்மாறான கதை அசாமில். இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம். ஆனால் அருணாசலத்தில் விடிந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்துத்தான் குஜராத்தில் விடியும். அதனால் வெள்ளைக்காரன் காலத்திலேயே அசாம் தேயிலைத் தோட்டங்கள் ஒரு மணி நேரம் முந்திய ‘பாகான் டைம்’ வைத்துக்கொண்டன. பாகான் என்றால் தோட்டம். 1951ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டமும் தொழிற்பகுதிக்குத் தனி நேரம் வைக்க இடம் கொடுத்தது. அங்கும் கடிகாரத்தை முன்னே தள்ளியதுதான், இங்கும் தள்ளியதுதான். அங்கே சூரியன் முந்தி வருகிறது, கடிகாரம் அதன் பின்னால் போனது. இங்கே சூரியன் இருந்த இடத்திலேயே இருக்க, சனங்களைத்தான் இருட்டுக்குள் தள்ளினார்கள். கொழுந்தைக் கண்ணால் பார்த்துத்தான் கிள்ள முடியும் என்பது தேயிலை மலையில் ஒருநாள் நின்றவருக்குத் தெரியும்.

உங்கள் தோட்டத்தில் 96இல் எந்த மணிக்குப் பெரட்டு? புது நேரத்துக்கா, பழைய நேரத்துக்கா, அல்லது தொரையின் கைக்கடிகாரத்துக்கா? வீட்டில் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். வரும் கடிதங்களுக்கு அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்குகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்