பீமன் ஜெயிப்பான் என்று தெரிந்தும்

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மனுக்குப் பாரதம் வைத்தால், கடைசி நாள் படுகளம். களிமண்ணில் மல்லாந்து கிடக்கும் பெரிய துரியோதனனைச் சுற்றிச் சுற்றி, வேஷம் கட்டிய பீமனும் துரியோதனனும் கதாயுதத்தோடு ஓடுவார்கள். தொடையில்தான் அடி விழும் என்பது இடுப்புக் குழந்தைக்கும் தெரியும். இருந்தும் வெயிலில் கூட்டம் கலையாது. இரவெல்லாம் கூத்தாடிய காலில் இன்னும் துடி இருக்கிறதா, துரியோதனன் எப்படி எகிறுகிறான் என்பதுதான் பேச்சாக இருக்கும். சண்டைப் படத்தைச் சண்டைக்காகவே பார்ப்பவரை ரசனை கெட்டவர் என்று சொல்பவர்கள் இந்தக் கூட்டத்தை என்ன சொல்வார்கள்?

கதையே இல்லாமல் அடிதடி எதற்கு என்பது அவர்களின் முதல் கேள்வி. நல்ல சண்டையே கதை சொல்லும். 1978இல் வந்த ஹாங்காங் படம் 'ஷாவோலினின் 36ஆவது அறை'. இயக்கிய லாவ் கார் லியுங் சண்டைப் பயிற்சியாளராக இருந்து இயக்குநரானவர். பழிவாங்கும் கதை ஒற்றை வரிதான். படத்தின் நடுப்பகுதி முழுக்கப் பயிற்சி. கையில் கத்தியைக் கட்டிக்கொண்டு நாயகன் தண்ணீர் வாளி சுமக்கிறான். கை கொஞ்சம் தாழ்ந்தால் கத்தி விலாவில் குத்தும். அதைப் பார்த்த பிறகு, அவன் சண்டையில் கையை நீட்டும்போது அந்த நீட்டலின் விலை நமக்குத் தெரிகிறது. வசனம் தேவைப்படவில்லை. நம் 'ஏழாம் அறிவு' (2011) காஞ்சி இளவரசர் போதிதர்மரைக் கொண்டாடியது, மாவட்டமே பூரித்தது. அவர்தான் ஷாவோலின் மடத்துக்குச் சண்டை கற்றுக்கொடுத்தார் என்பது மிகப் பிற்காலத்தில் எழுந்த கதை என்பதே ஆய்வாளர்கள் பலரின் முடிவு. அது போகட்டும். பார்வையாலேயே ஆளை வசியப்படுத்தும் வில்லன் வந்ததும் உடம்புக்கு வேலை குறைந்துபோனதுதான் என் குறை. ஊர்ப்பெருமை அடவுக்கு ஈடாகாது.

படுகளம் வழிபாடு, சினிமா வியாபாரம், இரண்டும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றல்ல. கூத்தில் ஆடுபவர் தலை முதல் கால் வரை கண்முன் நிற்கிறார். சினிமாவில் வெட்டி ஒட்டி எதையும் மறைக்கலாம். கை ஓங்கும், காட்சி மாறும், கயிற்றில் கட்டிய ஆள் பறப்பார்; இடையில் நடந்ததை யாரும் பார்க்கவில்லை. இத்தகைய படங்களைத் திட்டுபவர்களோடு நானும் சேர்ந்துகொள்வேன். வன்முறை பழகிவிடும் என்ற அச்சத்தையும் ஒதுக்க மாட்டேன். ஆனால் அது ரத்தத்தைக் காட்டிக் கைதட்டல் வாங்கும் படங்களுக்கே அதிகம் பொருந்தும். அடவைக் கவனிக்கும் கண், அடித்தவனோடு விழுந்தவனையும் கவனிக்கிறது. சரியாக விழுவதும் வித்தைதான்.

அந்த வித்தைக்கு மரியாதை தாமதமாகவே வந்தது. சண்டை அமைப்புக்கான தேசிய விருது 2017இல்தான் 'புலிமுருகன்' படத்துக்காக பீட்டர் ஹெயினுக்குக் கிடைத்தது. ஆஸ்கரில் 2028இல்தான் வரப்போகிறது. 2025 ஜூலையில் நாகை மாவட்டப் படப்பிடிப்பில், கார் பாயும் காட்சியில் ஒரு சண்டைக் கலைஞர் உயிரிழந்தார். அவர் நம் காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர்.