காய்ச்சல் என்னும் பொய்



திங்கட்கிழமைகளில் என் மேசைக்கு வரும் விடுப்புக் கடிதங்களில் பல, காய்ச்சல் என்றே கூறுகின்றன. கடிதத்தை நீட்டிய குழந்தையோ, "கல்யாணத்துக்குப் போனோம் சார்" என்று மகிழ்ச்சியோடு சொல்லிவிடுகிறது. பெற்றோரைக் கேட்டால், "இதனால் யாருக்கு என்ன கெடுதல்?" என்கின்றனர்.

கிறித்துவனாகிய நான் இதனைச் சிறிய செய்தியென்று விட்டுவிட இயலாது. திருத்தூதர் பணிகள் ஐந்தாம் அதிகாரத்தில் அனனியாவும் அவன் மனைவி சப்பீராளும் நிலத்தை விற்று, பணத்தில் ஒரு பகுதியை மறைத்துக்கொண்டு, முழுவதையும் கொடுத்ததாகக் காட்டினர். இருவரும் விழுந்து மாண்டனர். முழுவதையும் கொடுக்குமாறு எவரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை; பேதுருவே அதனைத் தெளிவுபடுத்துகிறார். ஆகவே, குற்றம் கொடுக்காமை அன்று, பொய். திருமணத்திற்குச் சென்றோம் என்று எழுதவும் உங்களை எவரும் தடுக்கவில்லையே!

"உயிர் காக்கப் பொய் சொல்லலாமே, நம் சிபில் கார்த்திகேசு உண்மையை மறைக்கவில்லையா?" என்று சிலர் வாதிடுவர். ஈப்போவிற்கு அருகிலுள்ள பாப்பானில், ஜப்பானியரை எதிர்த்த போராளிகளுக்கு மறைவாக மருத்துவம் செய்தவர் அந்தக் கத்தோலிக்கத் தாதி. 1943இல் கைதாகிக் கொடிய வதைக்கு உள்ளானபோதும் அவர் போராளிகளைக் காட்டிக்கொடுக்கவில்லை. 1945இல் உடல் நலிந்து விடுதலையானார். 1948இல் பிரிட்டனில் மறைந்தார்.

கேட்க உரிமையில்லாதவனிடம் உண்மையைச் சொல்லும் கடமை எவர்க்கும் இல்லை என்பதே கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை. மறைத்தல் வேறு, பொய்த்தல் வேறு. அவர் பிறர் உயிருக்காகத் தம் உடலையே விலையாகக் கொடுத்தார். நாம் ஒரு நாள் விடுப்புக்காகக் கொடுக்கும் விலையோ நம் குழந்தையின் மனச்சான்று! அந்த அம்மையாரின் பெயரை நம் சோம்பலுக்குத் துணையாக அழைப்பது தகுமா?

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் புனித அகுஸ்தீன் பொய்யை எட்டு வகையாகப் பிரித்தார். அவற்றின் கொடுமையில் ஏற்றத்தாழ்வு உண்டு என்றார். ஆயினும் ஒன்றையேனும் பாவமன்று என விடவில்லை.

பெற்றோரை மட்டும் குறை கூறேன். நடத்தாத பாடத்தை நடத்தியதாக நாள் பாடத்திட்டத்தில் குறிக்கும் ஆசிரியர்களும் இருக்கிறோம், நானும் குறித்திருக்கிறேன். அதை எழுதிய கையோடுதான் வாய்மை அதிகாரத்தைக் கரும்பலகையில் எழுதினேன். நாணினேன், நிறுத்தினேன்.

அந்தக் காய்ச்சல் கடிதத்தைச் சுமந்து வருவது குழந்தையின் கை. பொய்யென்று அறிந்தே அது சுமக்கிறது. நாளை அதே குழந்தை உங்களிடம் பொய் கூறினால் எந்த வாயால் கண்டிப்பீர்கள்?

அடுத்த கடிதத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். நானும் அவ்வாறே எழுதுகிறேன்.