பூசும் முன் எண்ணுங்கள்

சென்ற ஐப்பசி மழையில் ஒரு நாள் இரவு, மணி பதினொன்றரை இருக்கும், என் தங்கை மகள் தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, கூடத்துல கூரை விழுந்துடுச்சு" என்றாள். குரல் நடுங்கியது. ஒக்கலிபுரத்திலிருந்து ராஜாஜிநகர் எவ்வளவு தூரம்? ஆட்டோ பிடித்துப் பத்து நிமிடத்தில் போய் நின்றேன்.

விழுந்தது உண்மையான கூரை அன்று. அதற்குக் கீழே அழகுக்காகக் கட்டித் தொங்கவிட்டிருந்த ஜிப்சம் பலகைக் கூரை. ஆங்கிலப் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டு நாமும் 'பால்ஸ் சீலிங்' என்கிறோம். ஒரு முழுப் பலகையும் அடுத்ததில் பாதியும் சாப்பாட்டு மேசையின் மேல் கிடந்தன. அந்த மேசையில்தான் பையன் பத்து மணி வரை வீட்டுப் பாடம் எழுதியிருக்கிறான். அவனுடைய கணக்கு நோட்டு வெள்ளைத் தூளுக்கு அடியில் இருந்தது. யாருக்கும் காயமில்லை.

நான் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையின் கருவிக்கூடத்தில் 31 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஏதாவது உடைந்தால், எங்கே உடைந்தது என்று புரட்டிப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. மறுநாள் காலை அந்தப் பலகையைத் திருப்பிப் போட்டுத் திருகாணித் துளைகளை எண்ணினேன். ஆறடி நீளம், நாலடி அகலப் பலகையில் பதினோரு துளைகள் இருந்தன. அவற்றிலும் நான்கில் திருகாணி மட்டும் மேலேயே இரும்புப் பட்டையில் நிற்க, பலகை அதைக் கிழித்துக்கொண்டு இறங்கியிருந்தது.

வேலை எடுத்துச் செய்த ஒப்பந்தக்காரர் வந்தார். "மழை ஈரம் சார், அதோட பக்கத்துல ரயில் வேற ஓடுது" என்றார். ஐந்தாம் மாடி வீடு. மேலே இன்னொரு வீடு இருக்கிறது, ஒரு சொட்டுக் கசிவும் இல்லை. ரயில் சத்தத்தில் பிறந்து ரயில் சத்தத்தில் வளர்ந்த ஒக்கலிபுரத்துக்காரனிடம் ரயிலைக் குற்றம் சொன்னால் எப்படி? எங்கள் வீட்டில் வண்டி போகும்போது டம்ளர்கள்கூட ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். என் தாத்தா சுவரில் அடித்த ஆணி இன்றும் அப்படியே இருக்கிறது.

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பலகையில் குற்றமில்லை. மாட்டியதில்தான் குற்றம். அந்தக் குற்றத்தில் மாட்டியவனைவிட, எண்ணிப் பார்க்காமல் பணம் கொடுத்த நமக்குப் பங்கு அதிகம்.

ஜிப்சம் நமக்குப் புதிய பொருள் இல்லை. சித்த மருத்துவர்கள் கற்பூரச் சிலாசத்து என்று சொல்வது இதைத்தான். பெரம்பலூர்ப் பக்கம் காரை, ஊட்டத்தூர் வட்டாரத்தில் மண்ணுக்குள் பாளம் பாளமாகக் கிடக்கிறது. தூத்துக்குடி உப்பளங்களில் உப்போடு கூடவே படிகிறது. இதைச் சூடாக்கி நீரை விரட்டினால் பிளாஸ்டர் ஆப் பாரிஸ். அந்தத் தூளில் மறுபடி நீர் சேர்த்தால் இறுகிக் கல்லாகிவிடும். அந்தக் கூழைக் காகித அடுக்குகளுக்கு நடுவில் வைத்துப் பலகையாக்கும் யோசனைக்கு அமெரிக்காவில் அகஸ்டின் சாக்கெட் என்பவர் 1894-இல் காப்புரிமை பெற்றார். தீப்பிடித்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகித் தீயைச் சிறிது நேரம் தடுத்து நிறுத்தும். நல்ல பொருள்தான். நம் நகரத்தில் கணினி நிறுவனங்களின் அலுவலகங்களில் பாதிச் சுவர்கள் இதுவே.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இந்தப் பலகையின் வலு அதன் காகிதத்தில் இருக்கிறது. உள்ளே இருப்பது சுண்ணக்கட்டி போல உதிரக்கூடியது. திருகாணியின் தலை காகிதத்தை அழுத்திப் பிடித்திருக்கும் வரை பலகை நிற்கும். சட்டைப் பொத்தான் துணியைப் பிடித்திருப்பது போலத்தான். தலை காகிதத்தைக் கிழித்து உள்ளே போய்விட்டால், அந்தத் திருகாணி இருந்தும் இல்லாததே. பேட்டரித் திருப்புளியை முழு வேகத்தில் அழுத்தினால் நடப்பது இதுதான். தலை, பலகையின் மட்டத்துக்கு மயிரிழை கீழே நிற்க வேண்டும், காகிதம் முழுசாக இருக்க வேண்டும். தவறிப்போய்க் கிழிந்தால் இரண்டு அங்குலம் தள்ளி இன்னொன்று போட வேண்டும்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். கூரை வேலையில் பலகையைத் தாங்கும் இரும்புப் பட்டைகள் ஒன்றரை அடிக்கு ஒன்றாக (450 மி.மீ.) ஓட வேண்டும். பலகை அவற்றுக்குக் குறுக்கே போக வேண்டும். அப்படியானால் ஆறடிப் பலகைக்கு ஐந்து பட்டைகள் கிடைக்கும். ஒவ்வொரு பட்டையிலும் ஒன்பது அங்குலத்துக்கு ஒரு திருகாணி (230 மி.மீ.), நாலடி அகலத்துக்கு ஆறு. ஐயாறு முப்பது. பலகையின் இரு முனைகளிலும் இன்னும் நெருக்கமாக, ஆறு அங்குலத்துக்கு ஒன்று. ஆக முப்பதுக்கு மேல் வர வேண்டிய இடத்தில் என் மருமகள் வீட்டில் பதினொன்று! அரை அங்குலப் (12.5 மி.மீ.) பலகை ஒன்று ஏறக்குறைய இருபது கிலோ. முப்பது பேர் சேர்ந்து தூக்கினால் ஆளுக்கு முக்கால் கிலோகூட இல்லை. பதினொரு பேரில் நான்கு பேர் முதல் நாளே கையை விட்டுவிட்டால் மற்றவர்கள் எத்தனை நாள் தாங்குவார்கள்?

ஒரு திருகாணியின் விலை ஒரு ரூபாய்கூட இல்லை. ஒரு பலகைக்கு இருபது ரூபாய் மிச்சம் பிடிக்கத்தான் இவ்வளவும் என்று முதலில் கோபம் வந்தது. பிறகு விசாரித்தபோது விஷயம் வேறாக இருந்தது. மிச்சம் பிடிப்பது ரூபாயை அன்று, நேரத்தை. கழுத்தை அண்ணாந்து, சாரத்தின் மேல் நின்று, தலைக்கு மேல் கையை நீட்டி ஒவ்வொரு திருகாணியாக முடுக்க வேண்டும். கூலியோ சதுர அடிக் கணக்கு. வேலை செய்த பையனைத் தேடிப் பிடித்தேன். திருவண்ணாமலைப் பக்கத்துப் பிள்ளை. "தம்பி, ஏம்பா இப்படி?" என்றேன். "ஐயா, அடிக்கு இவ்வளவுன்னு பேசிட்டாங்க. ஒரு நாள்ல கூடத்த முடிச்சாத்தான் எங்களுக்குக் கட்டும். முப்பது போடணும்னு எங்களுக்கு யாரும் சொல்லவும் இல்ல, போட்டிருக்கியான்னு யாரும் கேக்கவும் இல்ல" என்றான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மருமகள் மூன்று பேரிடம் விலை கேட்டு, மிகக் குறைவாகச் சொன்னவரிடம், அதிலும் பேரம் பேசிக் கொடுத்த வேலை அது. அந்தப் பேரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியவன் நான்தான்.

திருகாணிக்கு மேலே இன்னொரு சங்கதி இருக்கிறது. அந்த இரும்புச் சட்டம் எதைப் பிடித்துத் தொங்குகிறது? காங்கிரீட் தளத்தில் துளையிட்டு, உள்ளே விரியும் இரும்பு மரை ஆணி போட்டு, அதிலிருந்து தொங்கவிட வேண்டும். பல இடங்களில் துளையில் மரக்கட்டையைச் செதுக்கி அடித்து அதில் திருகாணியை ஏற்றுகிறார்கள். கட்டை காய்ந்தால் சுருங்கும், சுருங்கினால் வழுக்கும். சுவரில் காலண்டர் மாட்ட இது போதும். தலைக்கு மேலே இரவும் பகலும் கீழ்நோக்கி இழுக்கும் பாரத்துக்குப் போதாது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 2006 ஜூலையில் ஒரு சுரங்கச் சாலையின் மேற்பலகைகள் ஓடும் காரின் மேல் விழுந்து ஒரு பெண்மணி இறந்தார். அந்தப் பலகைகளைத் தாங்கிய ஆணிகள் பசையால் ஒட்டப்பட்டிருந்தன. சீக்கிரம் இறுகும் அந்தப் பசை, ஓயாத இழுவையில் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழக்கூடிய வகை என்று விசாரணையில் தெரிந்தது. அவ்வளவு பெரிய தேசத்தில், அத்தனை பொறியாளர்கள் இருந்தும் தவறியது ஆணி பிடிக்கும் இடத்தில்தான். நம் சென்னை விமான நிலையத்தில் 2013-இல் திறந்த புதிய முனையங்களில் கூரைப் பலகைகளும் கண்ணாடிகளும் எத்தனை முறை விழுந்தன என்று பத்திரிகைகள் வரிசை எண் போட்டுச் செய்தி வெளியிட்ட கதை வாசகர்களுக்குத் தெரியும். நாம் சிரித்துவிட்டு, நம் வீட்டில் அண்ணாந்து பார்க்காமல் இருந்துவிட்டோம்.

சுவராக நிறுத்தும்போது பாரம் குறைவு. இரண்டடிக்கு ஒரு நிற்கும் சட்டம், அடிக்கு ஒரு திருகாணி போதும். ஆனால் அந்தச் சுவரில் தொலைக்காட்சியோ புத்தக அலமாரியோ மாட்டுவதாக இருந்தால் பலகை அடைப்பதற்கு முன்பே உள்ளே ஒட்டுப்பலகை வைத்துச் சட்டத்தோடு பிணைத்திருக்க வேண்டும். மின்விசிறியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது தளத்துக் கொக்கியிலிருந்து மட்டுமே தொங்க வேண்டும். பொய்க் கூரையை அது தொடவும் கூடாது.

பழைய தமிழில் மேற்கட்டி என்று ஒரு சொல் உண்டு. ஓட்டுத் தூசி விழாமல் மேலே கட்டும் துணி. கட்டுவது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. இப்போதைய பெயரில் பொய் மட்டும்தான் இருக்கிறது. (இது சொல்லாராய்ச்சிக் கட்டுரை அன்று, மன்னிக்கவும்.)

என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். எங்களுடையது மெட்ராஸ் டெரஸ் வீடு. மரக்கட்டைகளின் மேல் செங்கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டியது. ஒக்கலிபுரம், ஸ்ரீராமபுரம், மல்லேசுவரம் பகுதிகளில் இன்னும் சில நிற்கின்றன. சுண்ணாம்பு உதிர்ந்து சோற்றில் விழுகிறது என்று வீட்டில் சண்டை. ஜிப்சம் பலகை அடிப்பது என்று முடிவானது. வந்தவர் அந்தச் செங்கல் அடுக்கிலேயே துளைபோட முனைந்தார். கையைப் பிடித்துக்கொண்டேன். விரியும் ஆணி அந்தக் கல்லைப் பிளந்துவிடும். மரக்கட்டைகளின் பக்கவாட்டில் மரத் திருகாணி போட்டுப் பட்டையைத் தொங்கவிடச் சொன்னேன். அதற்கு முன் ஒவ்வொரு கட்டையையும் சுத்தியால் தட்டிக் கறையான் இருக்கிறதா என்று பார்த்தோம். இரண்டு கட்டைகள் பொத்தல். அவற்றை மாற்றிய செலவு தனி.

ஒப்பந்தத் தாளில் மூன்று வரிகளை என் கையாலேயே எழுதினேன். பட்டைகளின் இடைவெளி இவ்வளவு, திருகாணிகளின் இடைவெளி இவ்வளவு, நான் பார்த்து ஒப்புக்கொள்ளும் வரை இணைப்புகளிலோ திருகாணித் தலைகளிலோ பசை பூசக் கூடாது. பூசிவிட்டால் எல்லாக் கூரையும் ஒரே வெள்ளைதான், பதினொன்றும் முப்பதும் கண்ணுக்குத் தெரியாது. இதற்காகச் சதுர அடிக்குச் சிறிது கூட்டியும் கொடுத்தேன். வேலைக்கு யாரை அழைத்தேன் என்று கேட்பீர்கள். திருவண்ணாமலைப் பையனைத்தான். இரண்டு நாள் கேட்டான், கொடுத்தேன். பலகைகளின் முனைகள் நேருக்கு நேர் வராமல், கொத்தனார் செங்கல் வைப்பது போல மாற்றி மாற்றி வைத்தான். நடுவிலிருந்து ஓரத்துக்கு முடுக்கிக்கொண்டு போனான். மூன்று இடத்தில் காகிதம் கிழிந்தது. நான் சொல்வதற்கு முன்பே பக்கத்தில் இன்னொன்று போட்டான்.

ஏற்கெனவே பூசி முடித்த வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வது? பழைய ஒலிபெருக்கியிலிருந்து ஒரு காந்தம் எடுத்து, துணியில் சுற்றி, ஏணி மேல் நின்று கூரையை ஒட்டி மெதுவாக நகர்த்திப் பாருங்கள். திருகாணித் தலை வரும் இடத்தில் வெடுக்கென்று இழுக்கும். பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே போனால் கணக்குத் தெரிந்துவிடும். சென்ற வாரம் மருமகள் வீட்டில் விழாமல் மிச்சமிருந்த கூரையில் அப்படிப் பார்த்தோம். பையன் ஏணியில், நான் கீழே, கையில் அவனுடைய கணக்கு நோட்டு. படுக்கையறையில் ஒரு பலகைக்குப் பதின்மூன்று, அடுத்ததற்குப் பன்னிரண்டு. அன்றிரவு எல்லோரும் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். திங்கட்கிழமை தம்பி வருகிறான்.