கஞ்சமலையில் இரும்பு! வெட்டலாமா, விடலாமா?

சேலத்துக்கு அருகே கஞ்சமலை இருக்கிறது. உயரம் 3,000 அடிக்கு மேல். அடிவாரத்தில் சித்தர் கோவில். அமாவாசை தோறும் அங்கே கூட்டம் அலைமோதும்.

அந்த மலையில் கறுப்பு வரி ஓடிய கல் கிடைக்கும். அதன் அருகே காந்தத்தைக் கொண்டு போனால், 'டக்' என்று ஒட்டிக்கொள்ளும். காரணம், கல்லுக்குள் இரும்பு!

அந்த இரும்பு எங்கே தொடங்குகிறது? எங்கே முடிகிறது? எவ்வளவு ஆழம் போகிறது? இதைக் காட்டுவதுதான் பாறைப் படம்.

சுத்தியும் திசைகாட்டியும்

பாறை நிபுணர் கையில் சுத்தி, திசைகாட்டி, பூதக்கண்ணாடி, நிலப்படம் ஆகியவை இருக்கும். கால்நடையாகவே மலை ஏறுவார். பாறையை உடைத்துப் பார்ப்பார். என்ன கல், எந்தத் திசையில் ஓடுகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று குறித்துக்கொள்வார். படத்தில் ஒவ்வொரு வகைக் கல்லுக்கும் ஒரு நிறம் தீட்டுவார்.

காந்தக் கல் பக்கத்தில் திசைகாட்டியின் முள்ளே தடுமாறும்! அங்கே தூரத்துக் குன்றுகளை அடையாளம் வைத்துத்தான் திசை காண வேண்டும்.

கஞ்சமலையின் ஓரத்தில் உள்ள இரும்பு வரிகள் மலையின் உட்புறம் நோக்கிச் சாய்கின்றன. தோணியின் இரு பக்கமும் அடியில் சேருவது போல, அவை மலைக்கு அடியில் சேருகின்றன. மலையைப் பிளக்காமலே இதைக் கண்டுபிடித்தார்கள்!

இந்திய புவியியல் ஆய்வுத் துறை 1851-ல் தொடங்கியது. அதைச் சேர்ந்த வில்லியம் கிங், புரூஸ் புட் இருவரும் சேலம், திருச்சி பகுதிகளை நடந்தே அளந்தார்கள். அவர்களுடைய அறிக்கை 1864-ல் வெளிவந்தது.

அணைந்த அடுப்பு

படம் வருவதற்கு முன்பே ஒருவர் அவசரப்பட்டார். அவர் பெயர் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை அமைத்தார். தாது சேலம் பக்கத்திலிருந்து போயிற்று. அதை உருக்க மரக்கரி வேண்டும். கரிக்காகக் காடுகளை வெட்டினார்கள். விறகு எட்டாத தூரத்துக்குப் போனது. நஷ்டத்துக்கு மேல் நஷ்டம்! கடைசியில் அடுப்பு அணைந்தது.

பிறகு, சேலம் தாதுவையும் நெய்வேலி பழுப்பு நிலக்கரியையும் சேர்த்து இரும்பு எடுக்கலாம் என்று திட்டம் போட்டார்கள். 1970-ல் சேலம் உருக்காலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஆனால் 1981-ல் ஆலை ஓடத் தொடங்கியபோது, வெளியிலிருந்து வந்த எஃகைத்தான் தகடாக்கியது. எதிரே இரும்பு மலை, ஆலைக்குள்ளோ வெளியூர் எஃகு!

ஏன் இப்படி? கஞ்சமலைத் தாதுவில் நூற்றுக்கு 35 பங்கு அளவில்தான் இரும்பு. மீதி பெரும்பாலும் வெறும் கல். மாவாக அரைத்து, காந்தத்தால் பிரிக்க வேண்டும். சத்தீஸ்கர் பைலடிலா மலைத் தாதுவிலோ 60 பங்குக்கு மேல் இரும்பு இருக்கிறது!

படத்தில் இல்லாதது

பாறைப் படம் பொய் சொல்லவில்லை. அது கல்லைக் காட்டியது. விறகையும் செலவையும் அது காட்டாது. அவற்றை மனிதர்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. மலையில் பெய்த மழைதான் ஓடையாகிறது, அடிவாரக் கிணற்றில் ஊறுகிறது. இரும்பு வரியைக் குறித்த படத்தில் அந்த ஓடையையும் குறிக்க வேண்டும். காட்டையும், மேய்ச்சல் நிலத்தையும், ஊரையும் குறிக்க வேண்டும். அதை ஊராருக்குப் புரியும் தமிழில் எழுதி, பஞ்சாயத்துச் சுவரில் ஒட்ட வேண்டும். லாபம் யாருக்கு, குழி யாருக்கு என்று அவர்கள் கேட்கட்டும்.

கனிவளம் நாட்டுக்குத் தேவை. சேலத்து வெள்ளைக்கல் உருக்காலை அடுப்புக்குச் செங்கல் ஆகிறது. எத்தனையோ குடும்பங்களுக்கு அது சோறு போட்டது. ஆகவே தோண்டவே கூடாது என்பதல்ல வாதம். முதலில் முழுப் படம். பிறகு முழுக் கணக்கு. கடைசியில்தான் கடப்பாரை!

இரும்பை வெளியூரில் வாங்கலாம். வெட்டிய மலையை எந்தச் சந்தையிலும் வாங்க முடியாது!